இடந்தவறி வளரும் என்பும் அதிர்வலை வைத்தியமும்

வளர்ந்த மனித உடம்பில் இருநூற்றாறு என்புகள் உள என்பதைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். பிறந்த குழந்தைக்கு இதனினும் கூடிய எண்ணிக்கையான என்புகள் இருந்து, வளருங்காலத்திலே சில ஒன்றோடொன்று பொருந்தி இத்தொகையாகின்றன. என்பை உயிரற்ற கட்டை எனக் கருதுவோர் பலர். அஃது உயிருள்ள இழையம். அதனுள்ளே குருதி ஓடுகின்றது. ஒருவகைக் கலங்கள் பழைய என்பை அரித்து அகற்ற, மற்றொருவகைக் கலங்கள் புதிய என்பை அடுக்கிக்கொண்டே இருக்கின்றன. முறிந்த கை சில வாரங்களிற் பொருந்துவது இக்கலங்களின் உழைப்பினாலேயாம். இவ்வுழைப்பு உரிய இடத்தில் நிகழும்வரை நாம் அதனை நினைப்பதுமில்லை. உரியதல்லாத இடத்தில் நிகழ்ந்தால்? முறிவு எதுவும் இல்லாதபோதே தசைகளுக்கிடையிலும் மூட்டைச் சூழ்ந்த மெல்லிழையத்திலும் என்பு முளைத்தால்? பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் தளர்ந்து கிடப்போரிற் சிலருக்கு இவ்வாறு நேர்கின்றது. அந்நோயைப் பற்றியும், அதற்கு அண்மைக்காலத்திற் பரிசோதிக்கப்பட்டுவரும் அதிர்வலை வைத்தியத்தைப் பற்றியும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணாக்கருக்கும் இன்று கற்கும் மாணவருக்கும் சில செய்திகளை எடுத்துக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன அலுவல் என்று வினவுவோர் இருப்பர். சாய்ந்தமருதிலிருந்து தெற்கே மாளிகைக்காட்டைக் கடந்தால் காரைதீவு. அங்கே 1892 இல் மயில்வாகனன் என்னும் பெயருடன் பிறந்து பின்னர் விபுலாநந்த அடிகளாக விளங்கியவர், துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் இருந்தவர். 1936 இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும் அவரே. அவருக்கு நெடுங்காலம் முன்னரே, 1847 இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர், மானிப்பாயிலே தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் இரண வைத்திய நூலையும் தமிழிற் செய்வித்தார். மருத்துவம் தமிழிற் பேசப்படலாகாது என்பார்க்கு இவ்விருவர் வரலாறே விடையாகும். சொல்லை விளக்கி வைப்பது தமிழாசிரியன் கடன்; நோயைத் தீர்ப்பது வைத்தியர் கடன். நான் என் எல்லைக்குள்ளேயே நிற்பேன்.

முதலிற் பெயரை நோக்குவோம். இந்நோய்க்கு மேனாட்டார் வழங்கும் தொடரின் முற்பகுதி கிரேக்கம், பிற்பகுதி இலத்தீன். 'வேறோர் இடத்தில் என்பு ஆகுதல்' என்பதே அதன் பொருள். இதனைச் சிலர் 'அசாதாரண என்பு வளர்ச்சி' என்று எழுதுகின்றனர். அது பொருந்தாது என்பது என் கருத்து. ஏனெனில், இவ்வாறு வளரும் என்பிலே அசாதாரணம் எதுவும் இல்லை. நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினால் அஃது அடுக்கடுக்காய் அமைந்த மெய்யான என்பேயாகும்; முதிர்ந்தபின் அதனுள்ளே மச்சையும் காணப்படும். பிழை பொருளிலன்று, இடத்தில் உள்ளது. ஆதலின் 'இடந்தவறிய என்பாக்கம்' என்று சொல்வதே தகும். வேறொரு மயக்கமும் உண்டு. தசைநாணிலோ குருதிக்குழாயின் சுவரிலோ சுண்ணச்சத்துப் படிவது வெறும் படிவு. சுவரிற் சுண்ணாம்பு ஏறுவது போன்றது. இங்கே நிகழ்வதோ ஒரு வீடு கட்டப்படுதல் போன்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதவர்க்குப் பின்னர் வரும் வைத்தியச் செய்தி விளங்காது.

முதலாம் உலகப்போரிலே முள்ளந்தண்டிற் காயமுற்றுக் கால்கள் செயலிழந்த பிரெஞ்சுப் படைவீரர் பலருக்கு இடுப்பையும் முழங்காலையும் சூழ்ந்து என்பு வளர்ந்திருந்ததைக் கண்டு, 1918 இல் அதனை விரிவாக எழுதி வெளியிட்டவர்கள் தெயரீன் அம்மையாரும் செய்யே என்பவரும் ஆவர். அவுகுஸ்ட்டா தெயரீன்-குளும்ப்க்கே என்னும் அவ்வம்மையார், பெண்கள் மருத்துவமனைகளிற் பயிற்சி பெறுவதே அரிதாயிருந்த காலத்திற் பாரிசு நகரில் அவ்வுரிமையைப் போராடிப் பெற்றவர். அவர் கண்டது முள்ளந்தண்டு நோயாளரிடத்து. பின்னர், தலையில் அடிபட்டு நெடுநாள் நினைவிழந்து கிடந்தவரிடத்தும், தீக்காயம் பட்டவரிடத்தும், இடுப்பு மூட்டை மாற்றிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவரிடத்தும் இது காணப்பட்டது. முள்ளந்தண்டுக் காயத்தின் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது நேரும் என்பர். பாரிசவாதத்தின் பின் நேர்வது அதனினும் மிகக் குறைவு. குறைவு என்பதனாலேயே அது கவனிக்கப்படாமற் போகின்றது என்பதையும் சொல்லவேண்டும். பாரிசவாதம் வந்தவர் வீட்டில் மூட்டு இறுகினால், 'வாதந்தானே, இறுகத்தான் செய்யும்' என்று இருந்துவிடுகின்றனர்.

மூளையிலோ முள்ளந்தண்டிலோ பழுது ஏற்பட, என்பு ஏன் இடுப்பிலும் முழங்கையிலும் முளைக்கின்றது? இதற்கு முழுமையான விடை இன்னும் கிடைத்திலது. நரம்புத் தொகுதி பழுதுற்றபின் உடம்பில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் மிகுகின்றன. தசையிடையே உறங்கிக்கிடக்கும் மூலக்கலங்கள் சில அத்தூண்டுதலால் என்பாக்கும் கலங்களாக மாறுகின்றன என்பது ஆராய்ச்சியாளர் பலர் ஒப்பிய கருத்து. தசை விறைப்பு மிகுந்தவர், நெடுநாள் அசைவின்றிக் கிடந்தவர், படுக்கைப்புண் கொண்டவர் ஆகியோருக்கு இது நேரும் வாய்ப்புக் கூடுதலாம். பெரிய மூட்டுக்களையே இது நாடும். இடுப்பு முதன்மையானது, முழங்கை, தோள், முழங்கால் என்பன அடுத்தன. பாரிசவாதத்தில் தளர்ந்த பக்கத்திலேயே பெரும்பாலும் தோன்றும். நோய் வந்து மூன்றாம் வாரத்திற்கும் மூன்றாம் மாதத்திற்கும் இடைப்பட்ட காலமே இதன் பருவம்.

அறிகுறிகள் நம்மை ஏமாற்றவல்லன. மூட்டைச் சூழ்ந்து வீக்கம், சூடு, சிவப்பு, நோவு, சிலபோது மெல்லிய காய்ச்சல். இவை சீழ்க்கட்டுக்கும் உண்டு, மூட்டழற்சிக்கும் உண்டு. அவற்றினும் அஞ்சத்தக்கது வேறொன்று: தளர்ந்து கிடக்கும் காலின் ஆழ்நாளத்தில் குருதி உறைந்தாலும் தொடை இவ்வாறே வீங்கிச் சூடேறும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஏதமாம். ஆகவே பாரிசவாதக்காரரின் கால் திடீரென வீங்கினால் எண்ணெய் தடவி உருவுதல் கூடவே கூடாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். இக்கட்டுரையில் ஒரு வரியை மட்டும் படிக்க நேரமுள்ளவர் இவ்வரியைப் படித்தாற் போதும்.

முதற் சில வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றும் தோன்றாது. கருமருந்து செலுத்தி எடுக்கும் என்பு அலகிடல் முந்திக் காட்டும். குருதியிலே காரப் பொசுபற்றேசு என்னும் நொதியம் ஏறியிருத்தலும் ஒரு குறிப்பாகும், ஆனால் அந்நொதியம் வேறு காரணங்களாலும் ஏறும். ஒரு மாதமோ அதற்குச் சிறிது மேலோ சென்றபின் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்திலே, மூட்டின் அருகே பஞ்சுபோலவும் மேகம்போலவும் ஒரு வெண்மை தெரியும். நாளடைவில் அம்மேகம் விளிம்பு திரண்டு என்பாகத் தெளிவுறும்.

எங்கள் ஊரிலே கடற்றொழில் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவருக்கு இது நேர்ந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சுத் தப்பியது. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய சில நாளில், கை கால் பிடிக்க ஒருவரை அமர்த்தினார்கள். அவர் காலையும் மாலையும் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவி, மடங்கிய முழங்கையை முழங்காலால் மிதித்து நீட்டுவார். முதியவர் அலறுவார், வலித்தாற்றான் நரம்பு திறக்கும் என்று வீட்டார் ஆறுதல் சொல்வார்கள். இரண்டு மாதம் ஆனபோது முழங்கை வீங்கிச் சுட்டது. பின்னர் வீக்கம் வற்றியது; ஆனால் கை நீளவுமில்லை, மடங்கவுமில்லை. நான் பார்க்கச் சென்ற அன்று இடக்கையால் அவ்விடத்தைத் தடவிக் காட்டி, "உள்ளுக்க கல்லு மாதிரி இரிக்கி மகன்" என்றார். கல்முனையில் எடுத்த படத்திலே முழங்கையின் முன்புறத்தில் விரற்கடை அளவு என்பு வளர்ந்திருந்தது.

பலாத்காரமாக இழுத்ததனால்தான் அது வளர்ந்தது என்று சாதிக்க எவராலும் இயலாது. மென்மையாகப் பேணப்பட்டவர்க்கும் இந்நோய் வந்ததுண்டு. எனினும் தளர்ந்த மூட்டை வலிந்து இழுக்கும்போது தசைநார்கள் உள்ளே கிழிந்து சிறு சிறு குருதிக் கசிவுகள் ஏற்படும். அவை என்பாக்கத்தைத் தூண்டும் என்று வைத்தியர் பலர் எச்சரிக்கின்றனர். அசைத்தல் வேண்டும், நோவு தொடங்கும் எல்லையைத் தாண்டி இழுத்தல் வேண்டா. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அக்கோட்டை அறிந்தவர் இயன்மருத்துவர். எண்ணெய்க் கிண்ணத்துடன் வருபவர் எல்லாரும் அல்லர்.

அம்முதியவரின் மகன் கத்தாரிலே தொழில் பார்ப்பவர். அவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "சேர், ஷொக் வைத்தியம் எண்டு ஒண்டு இரிக்காமே. கல்லு உடைக்கிற மாதிரி அந்த எலும்ப உடைச்சி எடுக்கலாமாம். எத்தின இலட்சமெண்டாலும் நான் அனுப்புறன்." பாட்டனாரின் மற்றோர் உறவினரோ, 'ஷொக்' என்றதும் அது மனநோயாளர்க்கு மின்சாரம் பாய்ச்சுவதென்று எண்ணி, அவருக்கென்ன பைத்தியமா என்று சினந்தார். இருவர் கூற்றும் சொல்லினால் வந்த மயக்கம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

மின்சாரத்திற்கும் இவ்வைத்தியத்திற்கும் நோயாளியின் உடம்பளவில் ஒரு தொடர்பும் இல்லை. இது ஓர் ஒலியலை போன்றது. ஆயின் இனிய ஒலியன்று. சாதாரண ஒலியிலே அமுக்கம் ஏறுவதும் இறங்குவதும் சீராக நிகழும். அதிர்வலையிலோ அமுக்கம் கண்ணிமைப்பினும் பல இலட்சம் மடங்கு குறைந்த நேரத்தில் செங்குத்தாக ஏறி, வளிமண்டல அமுக்கத்தின் நூற்றுக்கணக்கான மடங்கை எட்டி, உடனே வீழ்ந்து, சுழியத்திற்கும் கீழே சென்று மீளும். அலை என்றதும் நம் கரையோரத்தார் 2004 மார்கழி 26 ஐ நினைப்பர். அது நீரே பெயர்ந்து வந்த அலை. இங்கே நீர் பெயர்வதில்லை. அமுக்கம் மட்டும் பெயர்கின்றது. கரம் பலகையிலே ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் காய்வரிசையின் ஒரு முனையில் அடித்தால் நடுக்காய்கள் அசையாதிருக்க மறுமுனைக் காய் மட்டும் பாய்வதை மாணவர் கண்டிருப்பர். அதனை நினைத்துக்கொள்க.

கடற்றொழிலாளர்க்கு இதனை விளக்குதல் இன்னும் எளிது. வெடி வைத்து மீன் பிடித்தல் இந்நாட்டிலே சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆயினும் அதன் விளைவைப் பலர் கண்டிருக்கின்றனர். வெடித்த இடத்திலிருந்து விலகி நின்ற மீனும் செத்து மிதக்கும், மேலே காயமிராது. வயிற்றைக் கீறினால் காற்றுப்பை வெடித்திருக்கும். இரண்டாம் உலகப்போரிலே, கடலில் நீந்திக்கொண்டிருந்தவர்களின் அருகே நீர்மூழ்கிகளை அழிக்கும் குண்டுகள் வெடித்தபோது, அவர்களது தோலிற் கீறலும் இல்லாதிருக்க நுரையீரல் கிழிந்திருந்ததை வைத்தியர் கண்டனர். இதன் காரணம் யாது? நம் தசையும் குருதியும் பெரும்பாலும் நீரின் தன்மையன. ஆதலின் நீரில் வரும் அமுக்க அலை அவற்றினூடே தடையின்றிச் செல்லும். காற்றும் இழையமும் சந்திக்கும் எல்லையிலோ, கடினமான கல்லோ என்போ எதிர்ப்படும் எல்லையிலோ அலை தடைப்பட்டுத் தன் சத்தியைக் கொட்டிவிடும். மீனின் காற்றுப்பையும் மனிதனின் நுரையீரலும் சிதைந்தது இதனாலேயே. வைத்தியத்தின்போது கருவிக்கும் தோலுக்கும் இடையே களி பூசுவதும் இதனாலேயே. இடையிற் காற்றுப் படலம் இருப்பின் அலை உள்ளே செல்லாது.

அழிக்கும் அலையை ஆக்கத்திற்குப் பயன்படுத்தியோர் ஜெர்மானியர். ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்களின் மேல் மழைத்துளி மோதுவதால் ஏற்படும் பழுதை ஆராய்ந்துகொண்டிருந்த டோர்னியர் என்னும் விமானக் கம்பனியாரின் ஆராய்ச்சியே இதற்கு வித்து. மியூனிக் நகரிலே வைத்தியர் கிறிஸ்தியன் சௌசியும் அவர்தம் குழுவினரும் 1980 பெப்ரவரி 7 இல் முதன்முதலாக ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, வெளியிலிருந்து அனுப்பிய அதிர்வலைகளால் அவரது சிறுநீரகக் கல்லை உடைத்தனர். கத்தியின்றிக் கல் பொடியாகிச் சிறுநீருடன் வெளியேறியது. அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று நம் நாட்டிலும் கல்லுடைத்துக்கொண்டோர் எத்தனையோ பேர். கத்தாரிலிருந்து பேசிய மகன் கேள்வியுற்றதும் அதனையே.

கல்லிலிருந்து என்பிற்கு இவ்வலை வந்த கதை சுவையானது. அலை செல்லும் வழியிலுள்ள இடுப்பெலும்பிற்கு என்ன நேர்கின்றது என்று ஆராய்ந்தோர், அங்கே என்பாக்கும் தொழில் தூண்டப்படுவதைக் கண்டனர். 1991 இல் பல்கேரிய நாட்டு வைத்தியர் வல்சனோவும் மிகாயிலோவும், நெடுநாளாகப் பொருந்தாதிருந்த முறிவுகளை அதிர்வலையாற் பொருந்தச் செய்த செய்தியை வெளியிட்டனர். தோளின் தசைநாணிற் படிந்த சுண்ணப் படிவுக்கும், குதிகால் நோவுக்கும், முழங்கைத் தசைநாண் நோவுக்கும் இவ்வலை பின்னர் பயன்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பகுதியினர் குதிகால் நோவுக்கென ஒரு கருவியை அங்கீகரித்தனர்.

இங்கே அறிவுடைய மாணவன் எழுந்து ஒரு வினாக் கேட்கவேண்டும். பொருந்தாத முறிவில் என்பை வளர்ப்பது இவ்வலை என்கின்றீர். வேண்டாத என்பு வளர்ந்தவர்க்கும் இவ்வலையையே கொடுக்கின்றீர். வளர்ப்பது எங்ஙனம் குறைக்கும்? மிக நல்ல வினா. இதற்குரிய விடை, அது குறைப்பதாக எவரும் உறுதியாக நிறுவவில்லை என்பதே. இடந்தவறிய என்புக்கு அதிர்வலை கொடுப்போர், கல்லை உடைப்பது போல என்பை உடைக்க எண்ணிக் கொடுப்பதில்லை. கல் என்பது சிறுநீரில் தனித்துக் கிடக்கும் பொருள். பொடியானால் வெளியேற வழியுண்டு. முதிர்ந்த என்போ குருதிக்குழாயும் நரம்பும் தசையும் சூழ வேரூன்றிய இழையம்; பொடியாக்கினாலும் வெளியேற வழியில்லை. அன்றியும் இவ்வைத்தியத்திற் பயன்படும் சத்தி கல்லுடைக்கும் சத்தியினும் பெரிதும் குறைந்தது. இவ்வலை நோவை உணர்த்தும் நரம்பு முனைகளை ஒருவாறு அடக்குகின்றது. அவ்விடத்துக் குருதியோட்டத்தைப் பெருக்குகின்றது. விறைத்த தசையைத் தளர்த்துகின்றது. நோவும் விறைப்பும் தணிந்தால் மூட்டைச் சிறிது கூடுதலாக அசைக்கலாம். எதிர்பார்க்கப்படும் பயன் இவ்வளவே.

தசை விறைப்பைப் பற்றிய சான்று ஓரளவு நல்லது. 2005 இல் இத்தாலி நாட்டு வைத்தியர் மங்கனொட்டியும் அமேலியோவும் பாரிசவாதம் வந்த 20 பேருக்கு முதலில் வெறும் போலிச் சிகிச்சையும் பின்னர் மெய்யான அதிர்வலைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தனர். போலியால் மாற்றம் இல்லை. மெய்யானதால் மணிக்கட்டிலும் விரல்களிலும் விறைப்புக் குறைந்தது. சிலருக்கு அப்பயன் வாரக்கணக்கில் நிலைத்தது. இடந்தவறிய என்பைப் பற்றிய சான்றோ மெலிந்தது. 2010 இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்று, அடிபட்டுத் தசைக்குள் என்பு வளர்ந்த 24 விளையாட்டு வீரரைப் பற்றியது. அவர்களிற் பெரும்பாலோர் சில மாதங்களில் ஆடுகளம் திரும்பினர். ஆனால் அவர்கள் இளைஞர், நரம்பு பழுதுறாதவர். 2017 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தலையில் அடிபட்டபின் இந்நோயுற்ற 11 பேருக்கு நான்கு முறை அதிர்வலை கொடுத்து, நோவு குறைந்ததைக் காட்டியது. பாரிசவாதத்தின் பின் வரும் என்பைப் பற்றி உள்ளவை பெரும்பாலும் தனி நோயாளர் பற்றிய குறிப்புக்களே. பதினொருவர், ஒருவர், இருவர் என்னும் தொகைகளைக் கொண்டு நிறுவப்பட்ட வைத்தியம் என்று இதனை அழைத்தல் தகாது. அதற்காக ஏமாற்று என்று தள்ளுதலும் தகாது. பரிசோதனையில் இருக்கும் வைத்தியம் என்பதே நேர்மையான பெயர்.

கருவிகளிலும் இருவகை உண்டென்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. ஒன்று அலையை ஆழத்தில் ஒரு புள்ளியிற் குவிப்பது. மற்றையது, அமுக்கிய காற்றினால் ஒரு சிறு உலோகக் குண்டைச் செலுத்தித் தோலின் மேலுள்ள முனையை அடித்து, அவ்வதிர்வைப் பரவவிடுவது. அதன் அமுக்கம் மிகக் குறைவு, சில சதமமீற்றர் ஆழத்தோடு வலியிழக்கும். இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குகின்றது. முழங்கையிலே மேலாக இருக்கும் பகுதியை இரண்டாவது வகை எட்டலாம். ஆழத்திலிருக்கும் இடுப்பு மூட்டை அஃது எட்டாது. பணம் கொடுக்குமுன் எவ்வகைக் கருவி என்று கேட்டல் வீட்டாரின் உரிமை.

இனி ஏதங்கள். பாரிசவாதம் வந்தோரிற் பெரும்பாலோர் குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர். சிலருக்கு அஸ்பிரின், இதயத்துடிப்புச் சீர்கெட்டவர்க்கு அதனினும் வலிய மருந்து. இத்தகையோர் உடம்பில் அதிர்வலை பட்ட இடத்திலே உள்ளே குருதி கசிந்து கன்றிப்போகக்கூடும். வலிய உறைதடுப்பு மருந்து உட்கொள்வோர்க்கும், குருதி உறையாமை நோயுடையோர்க்கும், அவ்விடத்தில் நாளத்தில் குருதி உறைந்திருப்போர்க்கும், புற்றுநோய்க் கட்டியோ சீழோ உள்ளோர்க்கும் இதனை விலக்குவர். நுரையீரலின் மேலும், கருவுற்ற பெண்ணின் வயிற்றின் மேலும் ஒருபோதும் செலுத்தார். மருந்தை வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிட்டு அதிர்வலைக்குச் செல்வது அதனினும் பெரிய ஏதம். மூட்டை அசைக்கப் போய் இரண்டாம் முறை வாதத்தை வரவழைத்துக்கொள்வதாகும். நாள்பட்ட மூட்டுநோவுக்குப் பெட்டிக்கடையிலும் வாங்கி விழுங்கும் நோவுமாத்திரைகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இண்டோமெதசின் என்னும் மாத்திரை இந்நோயின் தொடக்கத்தில் என்பாக்கத்தைத் தடுக்க வைத்தியராற் கொடுக்கப்படுவதுண்டு. அதே மாத்திரை அஸ்பிரினுடன் சேர்ந்தால் இரைப்பையில் குருதி கசியச் செய்யக்கூடும். ஆகவே அது வைத்தியர் கையிலிருந்தே வரவேண்டும்.

என்பு முதிர்ந்து மூட்டு முற்றாக இறுகிவிட்டவர்க்குச் சத்திரசிகிச்சையே வழி. என்பு முதிர்ச்சியடையும்வரை ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ காத்திருத்தல் பழைய வழக்கம். இக்காலத்துச் சிலர் அதற்கு முன்னரும் செய்கின்றனர். முழங்கையருகிலும் இடுப்பருகிலும் பெரு நரம்புகள் என்பினால் சூழப்பட்டிருக்கக்கூடும், குருதிப்பெருக்கும் மிகுதி. வெட்டியபின் மீண்டும் வளராதிருக்க மருந்தோ, ஒரே முறை சிறிதளவு கதிரியக்கமோ கொடுப்பர். எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. நோவின்றியிருந்து, அன்றாடக் கருமங்களுக்குத் தடை செய்யாத என்பை அப்படியே விட்டுவிடலாம்.

அன்றாடக் கருமம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். முழங்கை 30 பாகையிலிருந்து 130 பாகைவரை மடங்கி நீண்டாற் பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம் என்று 1981 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. கரண்டியால் உண்பவர்க்கு முழங்கை சற்று இறுகினாலும் கரண்டியின் நீளம் கைகொடுக்கும். கையாற் பிசைந்து உண்ணும் நமக்கு விரல் வாயைத் தொட்டாக வேண்டும். கதிரையில் அமர்வோர்க்கு இடுப்பு செங்கோணம் மடங்கினாற் போதும்; பாயில் சம்மணமிட்டிருப்பார்க்கும், தொழுகையிற் சிரம் தாழ்த்துவார்க்கும், கோயிலில் விழுந்து வணங்குவார்க்கும், குந்தியிருந்து மலம் கழிப்பார்க்கும் அது போதாது. 'என்ன செய்ய முடியவில்லை?' என்று வைத்தியர் கேட்கும்போது, 'நோகுது ஐயா' என்று மட்டும் சொல்லாது, இன்ன செயல் இயலவில்லை என்று எடுத்துச் சொல்லவேண்டும். அதிர்வலையா, சத்திரமா, ஒன்றும் வேண்டாவா என்பதை முடிவு செய்ய உதவுவது அவ்விடையே.

கருவிகளைப் பற்றி இத்துணை பேசியபின், கருவியில்லாது நடந்த ஒன்றையும் குறிப்பிடவேண்டும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் மேரி வர்கீஸ், 1954 இல் வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கிற் புனர்வாழ்வு மருத்துவம் கற்று மீண்டு, வேலூரில் 1966 இல் தொடங்கிய புனர்வாழ்வு நிலையத்திற்கு முதல்வராய் நின்றார். இந்தியாவில் நோயாளர் தங்கியிருந்து புனர்வாழ்வு பெறும் நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. நம் நாட்டில் ராகமையில் இத்தகைய வைத்தியசாலை உண்டு. அங்கெல்லாம் நாள் முழுதும் நடப்பது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலைதான்: இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், மூட்டுக்களை மெல்ல அசைத்தல், எழுந்து உட்காரப் பழக்குதல். வீட்டிலே அவ்வேலை ஒரு மகளின் மேலோ மருமகளின் மேலோதான் விழுகின்றது. இயன்மருத்துவர் ஒருமுறை கைபிடித்துக் காட்டிக்கொடுத்தால் அவள் அதனை நன்றாகவே செய்வாள்.

மேற்சொன்ன முதியவர் வீட்டில் அவ்வேலை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் பங்காயிற்று. கல்முனை வைத்தியர், இப்போதைக்கு அதிர்வலையும் வேண்டா, கத்தியும் வேண்டா, மெல்லிய பயிற்சி செய்து பாருங்கள் என்று கூறியிருந்தார். மகன் அனுப்பவிருந்த இலட்சங்கள் கத்தாரிலேயே நின்றன. முழங்கை எவ்வளவு மடங்குகின்றது என்பதை அளக்க ஒரு வழி வேண்டுமென்று பேத்தி கேட்டாள். கேத்திரகணிதப் பெட்டியிலுள்ள பாகைமானியின் நடுப்புள்ளியை முழங்கையின் வெளிப்புற மேட்டிலே பொருத்தி, ஓர் அடிமட்டத்தைத் தோளின் வழியும் மற்றொன்றை மணிக்கட்டின் வழியும் பிடித்து அளக்கக் காட்டிக்கொடுத்தேன். கிழமைக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை குளித்தபின், ஒரே நேரத்தில், ஒரே ஆளே அளக்கவேண்டும்; நோவு தொடங்குமிடத்தில் நிறுத்தி அந்தப் பாகையை எழுதவேண்டும். அளவு கிழமைதோறும் குறைந்துகொண்டே வந்தால், வீக்கமும் சூடும் இல்லாவிட்டாலும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். அவளுடைய அப்பியாசக் கொப்பியிலே இரண்டு நிரல்கள் உள்ளன. ஒன்றில் திகதி, மற்றதில் பாகை. முதல் வரியில் 70 என்றிருக்கின்றது. நான் கடைசியாகப் பார்த்தபோது 95 வரை வந்திருந்தது. அக்கொப்பியே இப்போது ஒவ்வொரு கிளினிக்குக்கும் மருந்துச் சீட்டுடன் செல்கின்றது.